ஆய்வாளர் வருகிறார், ஆய்வேடு திரும்புவதில்லை: வட சிலாங்கூர் தோட்டப்பள்ளிகளின் கணக்கு

2027ஆம் ஆண்டு முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வரும் எனக் கல்வியமைச்சு அறிவித்திருக்கிறது. கலைத்திட்டம் மாறினால் ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தொடங்கும். 2011இல் கேஎஸ்எஸ்ஆர் வந்தபோது நாடு முழுவதும் பட்டறைகள் நடந்தன, இம்முறையும் நடக்கும். கோலசிலாங்கூர், உலுசிலாங்கூர் வட்டாரங்களின் சிறிய தமிழ்ப்பள்ளிகளிலிருந்து பட்டறைக்குப் போகும் ஆசிரியர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும். அங்கே காட்டப்படும் மாதிரி வகுப்பில் முப்பது மாணவர் இருப்பார்கள். அவர்களுடைய வகுப்பில் இருப்பவர்கள் ஆறு பேர்.

இந்த ஆறு பேர் வகுப்பில் ஓர் ஆசிரியர் உண்மையில் எப்படிக் கற்பிக்கிறார், ஆசிரியர் கல்விக் கழகத்தில் படித்ததில் எது அவருக்குக் கைகொடுக்கிறது, எதை அவர் பள்ளிக்கு வந்த பிறகே கற்றுக்கொண்டார்? இதை நிதானமாக உட்கார்ந்து பார்த்து எழுத நேரம் உள்ளவர்கள் முனைவர் பட்ட ஆய்வாளர்கள்தாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இந்தியா எனப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பதிந்துகொண்டு கள ஆய்வுக்கு மலேசியத் தோட்டப்புறங்களுக்கு வருபவர்கள் பல பத்தாண்டுகளாகவே உண்டு. அவர்கள் பார்த்துவிட்டுப் போனது பள்ளிக்கு எந்த வடிவில் திரும்பி வந்தது என்று நம் சமூகம் கேட்டதில்லை.

வெளியூர்க்காரரின் பார்வைக்கு இந்த வட்டாரம் புதியதல்ல. பெஸ்தாரி ஜெயாவில், அதாவது 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கிய ஊரில், தென்னைமரம் தோட்டம் இருக்கிறது. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கே உருவாக்கியவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு அவர் ‘மலேசி’ என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். செம்பனைக்கு முதல் தோட்டம், பெயரோ தென்னைமரம். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைப் பார்க்கும் வெளிநாட்டு ஆய்வாளருக்கு இதிலுள்ள வேடிக்கை புரியாது. கூட ஒரு தமிழர் இருந்து சொன்னால்தான் உண்டு.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழைவதே ஒரு காலத்தில் போராட்டத்துக்குரிய விஷயமாக இருந்தது. 1936 இறுதியில் இந்தியத் தொழிலாளர் நிலையை அறிய சீனிவாச சாஸ்திரி மலாயா வந்தபோது அரசு விருந்தினராகத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அவரது அறிக்கை 1937இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1941இல், கிள்ளானில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் இரண்டை இங்கே நினைவுகூர வேண்டும். ஒன்று, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. மற்றொன்று, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை. கூலி உயர்வோடு, சைக்கிளிலிருந்து இறங்காமல் துரையைக் கடந்து போகும் உரிமையோடு, பள்ளியையும் வாசலையும் சேர்த்தே அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள் பல்கலைக்கழகத்து ஆட்கள். ஆர்.கே. ஜெயின் கான்பெராவின் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து 1962, 1963இல் ஒரு தோட்டத்தில் தங்கி ஆராய்ந்தார். அது 1970இல் நூலாயிற்று. அண்மைக் காலத்தில் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் சிலாங்கூரில் தோட்டங்கள் கலைக்கப்பட்டதையும் கோயில்கள், குடியிருப்புகள் இடம்பெயர்ந்ததையும் ஆராய்ந்து 2014இல் நூல் வெளியிட்டார். உள்ளூரிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் தி. மாரிமுத்து, தோட்டப்பள்ளி கூலிக்காரர் பிள்ளையை மீண்டும் கூலிக்காரராக்கும் கருவியாக இருக்கிறது என்று வாதிட்டு எழுதிய கட்டுரை 1993இல் வந்த தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. தோட்டப்புறக் கல்வி பற்றிப் பேசுவோர் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள்.

இவற்றில் பெரும்பாலும் பேசப்பட்டது கூலி, சாதி, கோயில், வீடு, வெளியேற்றம். பேச வேண்டியவைதான். மேரி, மின்யாக், நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் என்ற ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்ததை அறிந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். ஆனால் பள்ளி வரும் இடத்தில், ஆசிரியர் ஒரு பின்னணிப் பாத்திரமாகவே நிற்கிறார். வசதியில்லை, பயிற்சியில்லை என்ற இரண்டு வரியோடு அவர் கதை முடிந்துவிடுகிறது.

பயிற்சியில்லை என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1922 நவம்பரில் பிரிட்டிஷ் ஆட்சி தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தது. மலாய்ப் பள்ளி ஆசிரியர்களை உருவாக்குவதற்கான கல்லூரி அது. அடுத்த ஆண்டே, 1923இல், தொழிலாளர் சட்டம் வந்தது: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். பள்ளிக்குச் சட்டம் வந்தது. அதில் கற்பிப்பவரை உருவாக்க அப்படியொரு கல்லூரி வரவில்லை. கங்காணியோ கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ சாக்குக்கட்டியை எடுத்தார். பிற்காலத்தில் நாள் பயிற்சி நிலையங்கள், விடுமுறைக் காலப் பயிற்சிகள், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் என்று படிப்படியாக வளர்ந்து, 2007க்குப் பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியரும் பட்டம் பெறும் நிலை வந்திருக்கிறது. தற்காலிக ஆசிரியர்களை வைத்தே பள்ளி ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். இன்று நிலைமை அதுவல்ல. பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

சிறிய பள்ளி என்பது நோயா?

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்கு அறுபது பேர்கூட வரவில்லை. இன்று பள்ளிகள் சுமார் 530. மாணவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம். பள்ளிக்குச் சராசரியாக 150 பேர். அமைச்சு 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளியைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. அந்த அளவுகோலால் பார்த்தால் சுதந்திரம் கிடைத்தபோது நம் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

சிறிய பள்ளி என்பது செம்பனையும் நகர்ப்புற வீடமைப்பும் புதிதாகக் கொண்டுவந்த நிலை மட்டும் அல்ல என்பதே இந்தக் கணக்கு காட்டுவது. செம்பனை ரப்பரைவிடக் குறைந்த ஆட்களைக் கேட்டது. அந்த வேலைக்கும் இப்போது இந்தோனேசியர், வங்காளதேசியர். தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. இவையெல்லாம் உண்மை. ஆனால் தோட்டப்பள்ளி தொடக்கத்திலிருந்தே ஒன்றிரண்டு ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள் என்ற அமைப்பில்தான் நடந்தது. ஒரே கூரையின்கீழ் நான்கு வகுப்பை ஓர் ஆசிரியர் சமாளித்த அனுபவம் மூன்று தலைமுறைக்கு மேல் திரண்டது. அது எங்கும் பாடநூலாகவில்லை. ஓய்வுபெற்றவரோடு போய்விட்டது.

மாணவர் எண்ணிக்கை முப்பதுக்குக் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்து ஒரே வகுப்பாக நடத்தும் முறை வருகிறது. கெலாஸ் பெர்சந்தும் என்று அலுவலக மொழியிலும், கூட்டு வகுப்பு என்று நம்மிடையேயும் சொல்வது. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒன்றாக உட்காரும். ஆசிரியர் கையிலோ மூன்றாம் ஆண்டுக்கு ஒரு தர ஆவணம், நான்காம் ஆண்டுக்கு இன்னொன்று. பாடநூலும் தனித்தனி. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இணைமொழியும் மரபுத்தொடரும் விளக்கும்போது, மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சும்மா இருக்கக்கூடாது, சத்தமும் போடக்கூடாது. அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது, எத்தனை நிமிடத்துக்கு, யார் அதைத் திருத்துவது? மூத்த பிள்ளையை இளையவருக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கலாமா? வைத்தால் அந்த மூத்த பிள்ளையின் நேரம் என்னாவது? கணிதத்தில் பின்னத்தை இரண்டு ஆண்டுக்கும் ஒரே வாரத்தில் நடத்தினால் விளக்கம் ஒருமுறை போதும், பயிற்சியை மட்டும் பிரிக்கலாம். ஆனால் இரண்டு ஆவணங்களிலும் தலைப்புகளின் வரிசை ஒத்துவர வேண்டுமே.

வெளியிலிருந்து பார்த்தால் ஆறு பிள்ளைதானே, எளிது என்று தோன்றும். உள்ளே நிற்பவருக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சியைப் பற்றி ஆராய வரும் ஒருவருக்கு இதைவிட வளமான களம் கிடைப்பது அரிது. பற்றாக்குறை பற்றிய இன்னோர் ஆய்வேட்டைவிட, இந்த நுணுக்கங்களைப் பார்த்து எழுதிய ஐம்பது பக்கம் பயன்படும்.

அனுமதிக் கடிதத்தில் இல்லாத வரி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து கள ஆய்வுக்கு வருபவர் கடக்க வேண்டிய படிகள் பல. முதலில் அவருடைய பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு. பிறகு, 1999ஆம் ஆண்டின் மூன்றாம் எண் பொதுச் சுற்றறிக்கைப்படி மத்திய அரசின் ஆய்வு அனுமதி. நீண்ட காலம் பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு கவனித்துவந்த வேலை இது. பள்ளிக்குள் நுழைய, கல்வியமைச்சின் கொள்கைத் திட்டமிடல் ஆய்வுப் பிரிவுக்கு இணையவழி விண்ணப்பம். ஆய்வுத் திட்டத்தோடு கேள்விப்பட்டியலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதன்பின் மாநிலக் கல்வி இலாகா. வெளிநாட்டவராயின் குடிநுழைவுத் துறையின் அனுமதிச் சீட்டு வேறு. ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் தகவல் திரட்டுவதானால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும். இத்தனையும் முடிந்து பள்ளிக்கு வந்தால், தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும்.

பள்ளி நாட்காட்டி வேறு இடையில் நிற்கிறது. தொற்றுக் காலத்தை ஒட்டி மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியது. ஓராண்டுக்கு முன்பே பயணச்சீட்டு வாங்கித் திட்டமிடும் ஆய்வு மாணவருக்கு இது சிறிய செய்தியல்ல.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று, வெளிநாட்டில் பதிந்து படிக்கும் மலேசியரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். பெஸ்தாரி ஜெயாவில் பிறந்து, தோட்டப்பள்ளியில் படித்து, ஆசிரியராகி, மேற்படிப்புக்கு வெளிநாடு போன ஒருவர் தன் சொந்தப் பள்ளியைப் பற்றி ஆராய வந்தாலும் அது வெளிநாட்டு ஆய்வுதான். அவருக்கு மொழி தெரியும், வழி தெரியும், தலைமையாசிரியர் ஒருவேளை கூடப் படித்தவராக இருக்கலாம். அந்த நெருக்கம் ஒரு வகையில் சிக்கலும்கூட. தெரிந்தவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்வது நம்மிடையே கடினம். “சரி சார், பேசலாம்” என்று சொல்லும் ஆசிரியர் மனமுவந்து சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா?

கட்டுப்பாடு தேவையில்லை என்று யாரும் வாதிடமுடியாது. பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் யார் வருகிறார் என்பதை அமைச்சு அறிந்திருக்க வேண்டும். ஆனால் அனுமதியின் வழக்கமான நிபந்தனைகளைப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. ஆய்வு முடிந்ததும் அறிக்கையின் பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு பிரதி தருவது ஆய்வாளரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. பல வாரம் வகுப்பறையைத் திறந்துவிட்ட ஆசிரியருக்கு, தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

பிரதி வந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். வகுப்பு தமிழில் நடக்கிறது, அனுமதிக் கடிதப் போக்குவரத்து மலாயில், ஆய்வேடு ஆங்கிலத்தில். ஆசிரியர் நேர்காணலில் “பிள்ளைங்க கையப் பிடிச்சி எழுத வெச்சேன்” என்று சொன்னது, முந்நூறு பக்கத்தில் எங்கோ ஒரு கலைச்சொல்லாகக் கிடக்கும். சொன்னவருக்கே அடையாளம் தெரியாது.

பெயர் மறைத்தல் என்ற நெறி இன்னொரு பக்கம். ஜெயின் தாம் ஆராய்ந்த தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் வைத்தார். ஆய்வுலகில் அது சரியான வழக்கம். அங்கே பிறந்தவர்கள் பெயரை வைத்துத் தேடினால் தங்கள் ஊரின் கதையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அதன் விலை. தமிழ்ப்பள்ளிகளில் இந்த நெறிக்கு வேறொரு சோதனையும் உண்டு. ஏழெட்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் “இருபது ஆண்டு அனுபவமுள்ள கணித ஆசிரியை” என்று எழுதினால் போதும். மாவட்டத்தில் எல்லாருக்கும் யாரென்று தெரியும். பெயரை மறைத்தாயிற்று என்று ஆய்வாளர் நிம்மதியாக இருப்பார். மேலதிகாரியைப் பற்றி மனம்விட்டுச் சொன்ன அந்த டீச்சர் அப்படி இருக்க முடியாது. பள்ளிப் பெயரும் ஏமாற்றும். ‘லாடாங்’ என்று பெயரில் இருப்பதெல்லாம் தோட்டத்தில் இல்லை; ஷா ஆலம் நகருக்குள் இருக்கும் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளியின் பெயரிலும் லாடாங் இருக்கிறது. பட்டியலைப் பார்த்து ‘தோட்டப்பள்ளி’ என்று எண்ணிக்கொண்டு வருபவர் முதல் நாளே குழம்புவார்.

திரும்பி வந்த ஆய்வுகள்

ஆய்வு வகுப்பறைக்குத் திரும்பிய இடங்கள் இருக்கின்றன. இலங்கை மலையகத்தில் தோட்டப் பகுதி ஆசிரியர்களுக்கென்றே ஜெர்மன் உதவியோடு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. லண்டன் கல்வியியல் கழகத்தின் ஏஞ்சலா லிட்டில் மலையகத் தோட்டக் கல்வியை ஆராய்ந்து 1999இல் நூல் வெளியிட்டதோடு, கூட்டு வகுப்பு பற்றிய பன்னாட்டு ஆய்வையும் நடத்தினார். அந்த வட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மஞ்சுளா விதானபத்திரன. சிறிய கிராமப் பள்ளிகளில், தொடக்கநிலைக் கணிதக் கலைத்திட்டத்தைக் கூட்டு வகுப்புக்கேற்ப மாற்றியமைப்பதே அவரது வேலை. அது 2006இல் லிட்டில் தொகுத்த நூலில் ஓர் இயலாக வந்தது. பள்ளியில் என்ன குறை என்பதோடு நிற்காமல், ஆசிரியர் திங்கட்கிழமை எதை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகலாம் என்பதுவரை போன ஆய்வு.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் எடுத்துக்கொண்டன. செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் பின்னர் தமிழ்நாடு முழுவதும் பரவியது. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து, ஏணிப்படிபோல் அமைந்த அட்டைகளை அவரவர் வேகத்தில் முடித்து மேலே போவார்கள். குறைகள் சொல்லப்பட்டன, முறை மாறியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே நடத்துகிறது. இந்த அட்டைகளை மலேசியக் கூட்டு வகுப்பில் அப்படியே போட முடியாது. நம் தர ஆவணங்கள் வேறு. ஆனால் தமிழ் எழுத்தையும் எண்ணையும் பல நிலைப் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் கற்பிக்கும் கருவி தமிழில் இருக்கிறது. மலேசிய ஆய்வு மாணவர் ஒருவர் கள ஆய்வுக்குக் கடல் கடந்து போகத் தகுந்த இடம் தமிழ்நாட்டுக் கிராமப்பள்ளி. ஆய்வு என்றாலே மேற்கிலிருந்து இங்கே வருவது என்ற நினைப்பு எதற்கு?

நம் நாட்டிலும் ஓர் ஆய்வு ஆளாகவே திரும்பி வந்தது. என்.எஸ். இராஜேந்திரன் 1998இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மொழி வகுப்புகளில் உயர்நிலைச் சிந்தனைத் திறனைக் கற்பிப்பதும் அதற்காக ஆசிரியரின் கற்பித்தல் மாற வேண்டியதும் அவரது பொருள். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவர் 2012இல் பிரதமர் துறையின் தமிழ்ப்பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். 2013 கல்விப் பெருந்திட்டத்துக்குப் பிறகு கேபாட் என்ற சொல் ஒவ்வோர் ஆசிரியர் அறையிலும் ஒலித்தபோது, அதைப் பற்றி ஒரு தமிழர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு முடித்திருந்தார். எத்தனை தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அந்த ஆய்வின் ஒரு பக்கத்தையாவது தமிழில் படித்திருப்பார்கள்?

செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமில்லை. அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை கூடினால் போதும்: ஆய்வு நடந்த பள்ளிக்கு, அந்தப் பள்ளியின் பயிற்றுமொழியில் ஐந்து பக்கச் சுருக்கம். அது வரும்வரை பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பள்ளி மேலாளர் வாரியமும் காத்திருக்கத் தேவையில்லை. ஆய்வாளர் முதல் நாள் தலைமையாசிரியர் அறைக்கு வரும்போதே கேட்கலாம். நேர்மையான ஆய்வாளர் மறுக்கமாட்டார். அச்சுக்குப் போகும் முன் தன் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியரும் கேட்கலாம். அவர் அடையாளம் வெளிப்படுகிறதா என்பதை அவரைவிட யார் கண்டுபிடிக்க முடியும்?

தஞ்சோங் மாலிமில் 1922இல் எழுந்த அந்தக் கல்லூரிதான் 1997 முதல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழ்க் கல்வி மாணவர்களும் இன்று அங்கே படிக்கிறார்கள். ஊரின் தெற்கே பெர்ணாம் ஆற்றைத் தாண்டினால் சிலாங்கூர். கலும்பாங் தமிழ்ப்பள்ளி வட்டாரம் சுமார் பத்து கிலோமீட்டர் தூரம், அதற்குமேல் கெர்லிங், கோலகுபு பாரு. 2027க்கான பயிற்சிப் பட்டறைகளுக்குப் பொருள் தயாரிப்பவர்கள் கூட்டு வகுப்பு எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை.